காது மந்தம்

தம்பியின் சட்டைக்கு இரண்டாவது பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார் பெரியவர். உயிர் அடங்கிய உடம்பில் இன்னும் சூடு இருந்தது. கட்டிலின் அந்தப் பக்கம் தம்பி மனைவி அவன் பாதத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ராவெல்லாம் அவன் கதவைத் திறக்க, இவள் பூட்ட என்று வருடக்கணக்காகத் தூங்காத கண்கள். அவற்றில் கண்ணீர்கூட வரவில்லை.

நர்ஸ் தயங்கித் தயங்கி வந்தாள். சின்னப் பெண்.

"குடல்ல ஓட்டை விழுந்திருக்குன்னு டாக்டர் சொல்றார் ஐயா. உயிர் போற வலி இருந்திருக்குமாம். நான் வரும்போதெல்லாம் கேட்டேன், வலிக்குதான்னு. 'ஜம்முனு இருக்கேன்'னு சிரிச்சார்."

பெரியவரின் விரல் பொத்தானில் நின்றது.

யார் எதைக் கேட்டாலும் தம்பி அதைத்தான் சொல்வான். சோறு தொண்டையில் அடைத்தபோதும் சொன்னான். நினைவெல்லாம் கழன்றுபோனவனிடம் மிஞ்சியிருந்த மரியாதை அது. காய்ச்சல் என்று இங்கே சேர்த்த அன்று, அவன் மனைவி அவனுடைய மறதியை டாக்டரிடம் சொல்ல வாயெடுத்தாள். பெரியவர் ஒரு பார்வை பார்த்தார். "காது கொஞ்சம் மந்தம். மத்தபடி தெளிவா இருக்கான்" என்று அவரே முந்திக்கொண்டார். புத்தி பிசகிய குடும்பம் என்று பெயர் வந்தால், தம்பி மகளுக்குப் பேசி முடித்த இடம் கைநழுவிப் போகும்.

அந்தச் சம்பந்தி இப்போது அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"காது கேக்காதுன்னு நீங்க சொல்லியும் நான்தான் சத்தமாக் கேக்காம விட்டுட்டேன்" என்றாள் நர்ஸ். "என் தப்புதான் ஐயா."

தம்பி மனைவி தலையைத் தூக்கினாள். பெரியவரைப் பார்த்து "அத்தான்" என்றாள்.

"காது கேக்காதா?" என்றார் சம்பந்தி. "எங்கிட்ட நல்லாத்தானே பேசினார்?"

"வயசாச்சில்ல" என்றார் பெரியவர். பிறகு நர்ஸின் முகத்தைப் பார்க்காமல், "விடும்மா. வேணும்னா செஞ்சே?" என்றார்.

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருக்கு நன்றி சொன்னாள்.

வார்டு ஆள் தள்ளுவண்டியோடு வந்தான். "தலைப்பக்கம் யாராவது பிடிங்க."

பெரியவர் கை நீட்டினார். தம்பி மனைவி எழுந்துவந்து குறுக்கே நின்றாள்.

"நீ பிடிம்மா" என்றாள் நர்ஸிடம்.

தூக்கிக் கிடத்தினார்கள். வண்டியைத் திருப்ப இடம் போதவில்லை. பெரியவர் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார்.