தூண்பாறைச் சரிவு

அண்ணியும் நாத்தனாரும் ஒரே அறையில்தான் வேலை பார்த்தார்கள். ஆனால் முகம் பார்த்துப் பேசி வருஷக்கணக்காகிறது. கல்யாணமான கையோடு அண்ணனைத் தனிக்குடித்தனம் கூட்டிப் போனவள் என்று நாத்தனாருக்கு ஆறாத கோபம். நாத்தனார் பாறை ஆய்வாளர். அண்ணி, வேற்றுக் கிரகத்தில் ஊரும் ஆறு சக்கர வண்டியை இங்கிருந்தபடி ஓட்டுபவள்.

வண்டிக்கு எதிரே ஒரு சரிவு. எரிமலைக் குழம்பு ஆறி இறுகும்போது பிளந்து உண்டான தூண்கள், அதன் உச்சியில் கம்பிக்கட்டு மாதிரி நெருக்கியடித்து நின்றன.

"கிட்டப் போய்ப் படம் எடுக்கணும். அவங்ககிட்ட சொல்லுங்க சார்," என்றாள் நாத்தனார், குழுத் தலைவரிடம்.

"வழியெல்லாம் கத்தி மாதிரி கல்லு. சக்கரம் கிழிஞ்சிடும். அதையும் சொல்லிடுங்க சார்," என்றாள் அண்ணி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எதையும் கிட்ட சேர விடாம பிரிச்சு வைக்கிறதே சிலருக்குப் பொழப்பு."

அண்ணி நாற்காலியைத் திருப்பினாள். "உங்கண்ணன் என்ன கைக்குழந்தையா, நான் இடுப்புல தூக்கிட்டுப் போக?"

"வீட்டுச் சண்டைய வீட்டோட வச்சுக்கங்கம்மா!" என்று தலைவர் அதட்டினார். தூண்களின் மேல் அவருக்கும் ஆசைதான். மேலே ஏற்றச் சொல்லிவிட்டார். பொத்தான்கள் தெறித்துவிடும்போல் தட்டித் தட்டி அண்ணி கட்டளைகளை அனுப்பினாள்.

மறுநாள், முதல் படம் வந்தது. ஒவ்வொரு தூணும் செதுக்கியதுபோல் அறுகோணம். நாத்தனாருக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த படத்தில் முன்சக்கரம் கிழிந்து, தகடு நாக்கைப்போல் தொங்கியது.

அண்ணி ஒரு வார்த்தைகூடக் குத்திக்காட்டவில்லை. நொண்டி வண்டியைப் பின்பக்கமாகவே இழுத்து இழுத்து, கல்லுக்குக் கல் தடவிப் பார்த்து, நாள் கணக்கில் கீழே இறக்கினாள். அந்த மௌனம்தான் நாத்தனாரைத் தின்றது. ஒருநாள் அண்ணியின் மேசையருகே போய் நின்றாள்.

"அண்ணி... தப்பு என் மேலதான்."

"தெரியும். நகருங்க, வெளிச்சத்தை மறைக்கிறீங்க."

'நீ' என்று வைதிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். அந்த 'ங்க' சுருக்கென்று தைத்தது.

வண்டி சமதரை சேர்ந்தது. இனி எந்த மேட்டிலும் அது ஏறாது. தூண்களைப் பற்றிய கட்டுரையில் நாத்தனாரின் பெயர்தான் முதலில் வந்தது. எல்லோரும் கைகுலுக்கினார்கள். அண்ணி மட்டும் தலைவரிடம் கேட்டு வேறு வேலை நேரத்துக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.