எல்லைப் பலகையின் இரு பக்கம்

1976 ஆகஸ்ட் பதினான்காம் தேதி, சனிக்கிழமை, ஓட்டிலியா பர்ராசா தன் மகளைப் பார்க்க மேற்கே முப்பத்தெட்டு மைல் வண்டி ஓட்டினாள். தோஸ் போஸோஸ் நகரமும் அவள்கூடவே முப்பத்தெட்டு மைல் வந்தது. அன்றைக்கு வெயில் நூற்றாறு டிகிரி. பெட்ரோல் கேலன் ஐம்பத்தொன்பது சென்ட். வண்டிக் கண்ணாடியில் ஊரின் கடைசி வீடு விடாமல் தெரிந்துகொண்டே இருந்தது. பார்க்கும்போதெல்லாம் அது வேறொரு வீடாக இருந்ததைக் கவனிக்க அவளுக்கு இருபது மைல் ஆனது. பச்சைப் பெயின்ட் அடித்த ஜல்லி முற்றம், கூரைமேல் கூலர் பெட்டி, கோணலாக நிற்கும் தபால் பெட்டி, எல்லாம் எங்கள் ஊர் லட்சணம்தான். "தோஸ் போஸோஸ் நகர எல்லை, உயரம் 1,140 அடி" என்ற பலகை எப்போதும் அவளுக்கு இருநூறு அடி முன்னால் போய்க்கொண்டிருந்தது. பெட்ரோல் தீரப்போகிறதே என்று அவள் பயந்த நேரத்தில் வலது பக்கம் ஒரு பங்க் வந்து நின்றது. அங்கே இருந்தவன் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, கண்ணாடியையும் துடைத்துக் கொடுத்தான். பங்க்குக்குப் பக்கத்திலேயே ஒரு டெலிபோன் கூண்டும் வந்திருந்தது. வந்ததுதான் வந்தது என்று அவள் அதில் காசு போட்டு, சலினாஸ் கிராமத்துப் பேரீச்சந்தோட்ட ஆபீசுக்குப் பேசினாள். மகள் நெரெய்தா அங்கேதான் பழம் பொட்டலம் கட்டும் வேலை பார்த்தாள்.

"அம்மா, எங்க இருக்க நீ?"

"வந்துட்டேன்டி. இன்னும் ஆறு மைல்தான். பெட்ரோல் போட நின்னேன்."

"உன் பின்னாடி என்னம்மா அது? இங்கேர்ந்து பார்த்தா தண்ணித் தொட்டி தெரியுது. நம்ம ஊர்த் தண்ணித் தொட்டி. அதுல எழுதியிருக்கிற பேரைக்கூடப் படிக்க முடியுது."

ஓட்டிலியா திரும்பிப் பார்த்தாள். தொட்டி பங்க்குக்குப் பின்னால்தான் நின்றது.

"அங்கேயே நில்லும்மா! ஒரு அடி முன்னால வராத. எதை விட்டுட்டு ஓடி வந்தேனோ அதையே தூக்கிட்டு வர்றியே, உனக்கே நல்லாருக்கா?"

நின்றாள். போன் எப்போதோ துண்டாகிவிட்டது. அவள் மட்டும் அரை மணி நேரம் ரிசீவரைக் கையில் பிடித்தபடி நின்றாள். வண்டியின் முன்சீட்டில், துண்டு சுற்றிய பாத்திரத்தில், மாட்டெலும்பும் சோளமும் போட்ட சூப்பு இருந்தது. அந்தச் சூப்பைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. இரண்டு வருடம் முன்னால், மே மாதம், பத்தொன்பது வயது நெரெய்தா சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "இந்த ஊர்ல இன்னும் ஒரு வருஷம் இருந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும்" என்றாள். ஓட்டிலியா அன்றைக்கு விடுதிச் சலவை அறையில் பத்து மணி நேரம் விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுவிட்டு வந்திருந்தாள். "போறதுன்னா இப்பவே போ, தட்டை வச்சிட்டுப் போ" என்று சொல்லிவிட்டாள். கோபத்தில் எந்தத் தாயும் சொல்வதுதான். மகள் அப்படியே செய்தாள். சூப்பு தொடப்படாமல் மேசைமேல் ஆறிப்போனது. அதன்பிறகு ஓட்டிலியாவுக்கு இந்த உலகத்தில் இருந்த ஆசை ஒன்றே ஒன்று: மகளை உட்காரவைத்து ஒரு வேளை சூடாகப் பரிமாற வேண்டும். கேட்கச் சின்ன ஆசைதான்.

நெரெய்தா போன மறுமாதம்தான் எங்களுக்குக் கால்வாய்த் தண்ணீர் வந்தது. ஊர்ப் பேருக்கு இரண்டு கிணறுகள் என்று அர்த்தம். ஒன்று என் அப்பா காலத்திலேயே வற்றியது. இன்னொன்று அந்த வருடம் ஏப்ரலில் வற்றியது. இருநூறு மைல் தள்ளி ஓடும் ஆற்றை விலை பேசி, பாலைவனத்துக்குக் குறுக்கே கால்வாய் வெட்டிக் கொண்டுவந்தார்கள். திறப்பு விழாவில் பேண்டு வாசித்தார்கள், நானும் போயிருந்தேன். நல்ல தண்ணீர், ருசியான தண்ணீர். ஆனால் அவ்வளவு தூரம் வெயிலில் நடந்து வந்ததாலோ என்னவோ, ஒரு தடவை எங்களிடம் வந்து சேர்ந்தபிறகு அது எங்களை விட்டுப் பிரிய மறுத்துவிட்டது. அந்தத் தண்ணீர் எங்கே போகிறதோ அங்கே ஊரும் போகும். பாலைவனத்தில் தண்ணீர்க் கேன் இல்லாமல் யார் வண்டியை எடுப்பார்கள்? குடிக்க ஒன்று, ரேடியேட்டருக்கு ஒன்று, குறைந்தது இரண்டு கேன் பின்சீட்டில் கிடக்கும். அப்படியே கேனை வீட்டில் வைத்துவிட்டுப் போனாலும், குடித்தது உடம்புக்குள் இருக்கிறதே. இலாரியோ கிஹாதா என்ற கொத்தனார் ஒன்பது நாள் வெளியூர் டப்பாவில் வந்த பீச் பழச்சாறு மட்டுமே குடித்து, உடம்பை வற்றவைத்துக்கொண்டு, தெற்கே நடந்து பார்த்தார். ஊர் அப்போதும் விடவில்லை. மூன்றடி அகலத்துக்குச் சுருங்கி, ஒரே ஒரு தெருவிளக்கைத் தூக்கிக்கொண்டு, அவர் மயங்கி விழும்வரை பின்னாலேயே போனது. கிஹாதா சந்து இன்றைக்கும் அங்கே இருக்கிறது. எதிரெதிராக இரண்டு பேர் வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டும்.

இப்படித்தான் நாங்கள் வளர்ந்தோம். வெளியூர் லாரிக்காரன் ஒருவன் இங்கே நிறுத்தி ஒரு கப் காப்பி குடித்துவிட்டு வடக்கே போனால், அந்தக் காப்பி அளவுக்கு ஒரு தெரு அவன் பின்னால் போய் நின்றுவிடும். வடக்குப் பக்கம் அப்படிப் பதினேழு தெருக்கள் உண்டு. தேனிலவுக்குக் கிளம்பிய ஜோடிகளால் கிழக்கு வளர்ந்தது. கல்லூரிக்குப் போகிறேன் என்று மூட்டை கட்டிய பிள்ளைகள் நாலு திசையிலும் ஊரை இழுத்துவிட்டு, பழைய சாப்பாட்டுக் கடையிலேயே இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்தார்கள். புது வீடுகள் காலியாக வரும். ஒரே வாரத்தில் பனி கொட்டும் மாநிலங்களிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் வந்து நிரப்பிவிடுவார்கள். வந்த அன்றைக்கே ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பார்கள், அதோடு சரி. எந்தப் புதர், எந்தப் பறவை அழிந்து தெரு வந்ததோ அதன் பேரையே தெருவுக்கு வைத்தோம். முப்பதாயிரம் பேர் இருந்த ஊர் பத்து வருடத்தில் இரண்டு லட்சம் ஆனது. வேகமாக வளரும் நடுத்தர நகரம் என்று எங்களுக்கு ஒரு கேடயம்கூடக் கொடுத்தார்கள். மேயர் டில்மன் அதை வாங்கத் தலைநகருக்குப் போக முடியாததால் தபாலில் வந்தது. ஊரை விட்டுப் போக முடியாதவர்களின் எண்ணிக்கைக்குத்தான் அந்தக் கேடயம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது, எனக்கும் ஒரு காலத்தில் கடலைப் பார்க்க ஆசை இருந்தது.

ஓட்டிலியா அந்தப் பங்க்குக்குப் பக்கத்தில், எல்லைப் பலகையை ஒட்டிய கடைசி வீட்டில் குடியேறினாள். விடுதியும் அவள்கூடவே வந்திருந்ததால் வேலைக்குப் பிரச்சினை இல்லை. மேற்குச் சாலையில் யாராவது வண்டியோடு வந்தால், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நடுரோட்டில் நிற்பாள். மேற்கே உப்புத் தரையில் விமான நிலையம் கட்ட ஆசைப்பட்ட மேயர் டில்மன், ஒருநாள் தானே காரை ஓட்டிக்கொண்டு வந்தார்.

"பர்ராசாம்மா, ஆறே ஆறு மைல். ஊர் வளர்ச்சிக்காகத்தான் கேக்குறேன்."

"ஊர் வளர்ந்தது போதும், திரும்பிப் போங்க."

"நீங்க மகளைப் பார்க்க வேண்டாமா? ரெண்டு பேருக்கும் லாபம்தானே!"

"என் மக விமானம் எறங்குற இடமில்ல. வண்டியத் திருப்புங்க மேயரே, இல்லன்னா என் மேல ஏத்திட்டுப் போங்க."

மேயர் வண்டியைத் திருப்பினார். எலக்ஷன் வருடம் அது.

இதற்குள் மகளுக்கும் மனசு கொஞ்சம் இளகியிருந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு பலகைவரை வருவதாகக் கடிதம் போட்டாள். பலகைக்கு இந்தப் பக்கம் தார் ரோட்டில் ஒரு நாற்காலி, அந்தப் பக்கம் மணலில் ஒரு நாற்காலி. பதினோரு வருடம் அப்படித்தான் உட்கார்ந்தார்கள். எங்கள் தண்ணீர் பட்டது எதையும் நெரெய்தா வாயில் வைக்கக் கூடாது என்பது ஏற்பாடு. சோளமாவு உருண்டை வேகவைக்கத் தண்ணீர் வேண்டும், ரொட்டி பிசையத் தண்ணீர் வேண்டும், ஆகவே இரண்டும் கிடையாது. ஓட்டிலியா வெயிலில் காயவைத்த மாட்டிறைச்சியும் காட்டு மிளகாயும் வறுத்த சோளமாவும் கொண்டுவருவாள். மகள் பேரீச்சம்பழமும் அவர்கள் ஊர்க் கிணற்றின் உப்புத் தண்ணீரும் கொண்டுவருவாள். அந்த உலர்ந்த சாப்பாட்டை மகள் மென்று விழுங்குவதை ஓட்டிலியா பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். ஒரு தடவை அழுதுவிட்டாள். ஒரு சொட்டு பலகைக்கு அப்பால் விழுந்தது. விழுந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தார் ரோடு வந்துவிட்டது.

"அழாதம்மா, ரோடு போட்டுடாத" என்று நெரெய்தா சிரித்தாள். அதன்பிறகு ஓட்டிலியா மடியில் துண்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். நெரெய்தா நினைத்திருந்தால் இன்னும் தூரம் போயிருக்கலாம். அவள் உடம்பில் எங்கள் கால்வாய்த் தண்ணீர் ஒரு சொட்டு கிடையாது. கடற்கரை ஊர்களிலிருந்து இரண்டு தடவை வேலைக்குக் கூப்பிட்டார்கள். போகவில்லை. ஏன் என்று அம்மா கேட்டதற்கு, "அங்கேர்ந்து ஞாயித்துக்கிழமை எப்படி வர்றது?" என்றாள்.

1988 ஜூன் ஐந்தாம் தேதி, முதல் ஞாயிறு, வெயில் நூற்றுப்பதினேழு டிகிரி. நெரெய்தாவின் பழைய பிக்கப் வண்டி பலகையை எட்டுவதற்குள் ரேடியேட்டர் மூடியிலிருந்து ஆவி பீறிட்டது. கொண்டுவந்த இரண்டு கேன் உப்புத் தண்ணீரில் ஒன்றை வழியிலேயே ஊற்றியிருந்தாள். இன்னொன்று அடியில் விரிசல் விட்டுப் பின்பக்கம் முழுக்கக் கொட்டிக் காய்ந்தும்விட்டது. மணல் பக்கம் உதவிக்கு ஓர் ஆள் கிடையாது. ஆறு மைல் நடந்தால் சாவு. ராத்திரிவரை குடிக்காமல் உட்கார்ந்திருந்தாலும் கிட்டத்தட்ட அதேதான்.

"தள்ளி நில்லுடி, மூடியத் தெறந்தா மூஞ்சில அடிக்கும்" என்று சொல்லியபடி ஓட்டிலியா வீட்டுக்குள் போனாள். கேனோடு வந்தாள். துண்டைச் சுற்றி மூடியைத் திருகினாள். ஊற்றினாள். ஒரு கேலன், அப்புறம் இன்னொரு கேலன். எங்கள் பாலைவனத்தில் கொதிக்கிற வண்டியைப் பார்த்தால் கை யோசிக்காது. சண்டைக்காரன் வண்டியாக இருந்தாலும் ஊற்றிவிட்டுத்தான் சண்டையைத் தொடருவோம். மகள் பக்கத்தில் நின்று வாட்டர் பம்பின் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சின்ன வயதிலிருந்தே பார்த்த காரியம் அல்லவா, அவளுக்கும் அது தண்ணீராகவே தெரியவில்லை. வண்டி கிளம்பியது. மகள் கையசைத்தாள். எல்லைப் பலகை ஒரு தடவை ஆடி, மண்ணிலிருந்து காலைப் பிடுங்கிக்கொண்டு, பிக்கப்புக்கு முன்னால் ஓடத் தொடங்கியது. அப்போதுதான் ஓட்டிலியா கையிலிருந்த காலிக் கேனைப் பார்த்தாள்.

தெரிந்துதான் ஊற்றினாளா என்று ஊரில் இன்றைக்கும் பேச்சு நடக்கிறது. பதினோரு வருடம் மேயரையே மறித்து நின்றவளுக்கு மறந்துபோகுமா என்பது ஒரு கட்சி. மகள் ஆவியில் வெந்துகொண்டு நிற்கும்போது எந்தத் தாய்க்கு நகர எல்லை ஞாபகம் வரும் என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சிதான், ஆனால் பந்தயம் கட்ட மாட்டேன்.

திங்கட்கிழமை காலை சலினாஸில் மக்கள் எழுந்தபோது வாசலில் தண்ணீர் மீட்டர் இருந்தது. பேரீச்சை மரங்கள் வரிசை மாறி, சாலையோர மரங்களாகி, ஒவ்வொன்றின் அடியிலும் பச்சை ஜல்லியோடு நின்றன. பதினான்காம் நம்பர் பஸ் கிராமத்தின் நடுவில் ஒரு நிறுத்தம் போட்டுக்கொண்டது. பத்தரை மணி வண்டியில் ஓட்டிலியா வந்து இறங்கினாள், துண்டு சுற்றிய பாத்திரத்தோடு. கதவைத் திறந்த நெரெய்தா தூங்கியிருக்கவில்லை என்பது கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

"தெரிஞ்சா ஊத்தின?"

"வண்டி கொதிச்சுதுடி. ஊத்தினேன்."

"இனிமே இங்க குடிக்க வேற தண்ணி இல்ல. நானும் எங்கேயும் போக முடியாது."

"ஆமா" என்றாள் ஓட்டிலியா. "மன்னிச்சுக்கோ." அதைச் சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்தது. இப்போது துண்டு தேவைப்படவில்லை. எங்கே விழுந்தாலும் எங்கள் ஊர்தான்.

நெரெய்தா வழியை விட்டு விலகி நின்றாள். கோபம் போகவில்லை, இன்றைக்கும் முழுசாகப் போகவில்லை என்றுதான் அவளைத் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். ஆனால் மேசையில் கிடந்த பழப்பெட்டிகளை ஒதுக்கிவைத்தாள். ஓட்டிலியா ஒரு தட்டைத் தேடி எடுத்து, எலும்பு ஒரு பக்கமும் சோளம் ஒரு பக்கமுமாகச் சூப்பை ஊற்றினாள். ஆவி பறந்தது. பதினான்கு வருடம் ஆறிக் கிடந்த சாப்பாட்டை நெரெய்தா தலையைத் தூக்காமல் சாப்பிட்டாள். மிளகாய் தூக்கலாக இருந்தது, எப்போதும் போல.

"உறைக்குதும்மா. கொஞ்சம் தண்ணி கொடேன்" என்றாள்.

ஓட்டிலியா எழுந்துபோய்க் குழாயைத் திறந்தாள்.