அஞ்சு வருஷ எழுத்து

அப்பா மதியச் சோற்றுத் தூக்குப்போசியை மூடி, மூடியின் மேல் இரண்டு தட்டுத் தட்டி, என் கையில் கொடுத்தார். "கத்திரிக்காக் கொழம்பு. சித்தெ காரம் தூக்கலாப் போச்சு கண்ணு" என்றார். நான் "சரிங்கப்பா" என்று வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். நான் வேலைக்குப் போக வேண்டிய மோட்டார் சைக்கிள் ஃபேக்டரியில் உற்பத்தியை நிறுத்தி அன்றைக்குப் பதினொரு நாள் ஆகியிருந்தது. அதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை.

பாலக்காட்டுப் பக்கம், கொழிஞ்சாம்பாறையைத் தாண்டிப் பொட்டல்காட்டில் இருந்தது ஃபேக்டரி. அங்கே காயில் சுற்றுகிற இடத்தில் நாங்கள் பதினாறு பெண்கள். தலைமுடியை விட மெல்லிசான செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றுவோம். வண்டியில் தீப்பொறி வருவதும் விளக்கு எரிவதும் அந்தக் காயிலால்தான். வேலைக்குச் சேருகிற அன்று ஃபோர்மேன் எங்கள் படிப்பைக் கேட்கவில்லை, மாட்டுக்குப் பல் பார்க்கிற மாதிரி விரல் விரலாகத் தடவிப் பார்த்தார். சொரசொரப்பு இருந்தால் கம்பியின் மேல்பூச்சு உரிந்துவிடும். கடலைக்காட்டில் களை வெட்டிய என் விரலைப் பார்த்து முகத்தைச் சுளித்து, "ஒரு மாசம் நோக்காம்", பார்க்கலாம் என்று மலையாளத்தில் சொல்லித்தான் எடுத்தார்.

அன்றைக்கு அப்பா என் கையிலிருந்து களைக்கொத்தைப் பிடுங்கியவர்தான், பிறகு தரவே இல்லை. களை அவர் வெட்டினார், சாணி அவர் அள்ளினார், மிளகாய் அரைத்துச் சோறாக்கியதும் அவர்தான். எனக்கு வேலை, விரலில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. நஞ்சப்பன் ஊட்டுல ஆம்பளை ஒலை வெக்கறான், பொம்பளை பஸ் ஏர்றாள் என்று அப்பாவின் பேரைச் சொல்லி ஊர் சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப்பேர் ஒரு வருஷத்தில் தங்கள் பெண்களுக்கும் வேலை கேட்டு வந்தார்கள்.

புது வண்டி ஒவ்வொன்றையும் ரோட்டில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் வெளியே அனுப்புவார்கள். ஃபேக்டரியிலிருந்து எல்லையில் இருக்கிற கோபாலபுரம் செக்போஸ்ட் வரை போய்த் திரும்ப வேண்டும். எங்கள் காட்டுக்குக் கிழக்கே ஓடுகிற ரோடுதான் வழி. ஆரம்பத்தில் எருதுகள் மிரண்டு ஏரோடு ஓடின, அப்பா அந்த ஓட்டுக்காரர்களின் ஏழு தலைமுறையையும் திட்டினார். பிறகு எருதுகளும் பழகின, அப்பாவும் பழகினார். போகப்போக எண்ணவே ஆரம்பித்துவிட்டார். நான் பஸ் இறங்கி வந்ததும், "இன்னைக்கு நாப்பத்திரெண்டு. செரியா?" என்பார். நான் கணக்குச் சொன்னால் ஒன்றிரண்டுதான் வித்தியாசம் வரும். அந்த ஒன்றிரண்டை, கண் அசந்த நேரத்தில் போயிருக்கும் என்று அவரே சமாதானம் செய்துகொள்வார்.

இதெல்லாம் வெறும் பெருமை என்றால் ஃபேக்டரி மூடியதை அப்பாவிடம் சொல்லிவிட்டு அழுதிருப்பேன். சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் அத்தை.

அப்பாவின் அக்கா பொன்னாத்தாள், கோபாலபுரத்துக்கு அந்தப்பக்கம் தென்னந்தோப்புக்காரி. எனக்கு ஒன்பது வயதில் அம்மா காய்ச்சலில் போனபோது ஆறு மாதம் எங்கள் வீட்டிலேயே இருந்து எனக்குத் தலைவாரிச் சோறு போட்டவள். அத்தை கெட்டவள் இல்லை, அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் அவளுக்குக் குப்பண்ணன் என்று ஒரு மகன். அவன் ஓட்டுகிற மாட்டின் முதுகைப் பார்த்தாலே ஆளைத் தெரிந்துகொள்ளலாம். அவன் பெண்டாட்டி நாலு வயதுக் குழந்தையை விட்டுவிட்டுக் கிணற்றில் விழுந்து செத்தாள். தண்ணீர் சேந்தப் போனவள் கால் வழுக்கி விழுந்தாள் என்று ஊருக்குச் சொன்னார்கள். அதற்கு மூன்று வருஷம் முன்பே அந்தக் கிணற்றில் மோட்டார் போட்டாயிற்று, யாரும் சேந்துவதில்லை. அதைக் கேட்க ஆளில்லை.

கருமாதி முடிந்த மூன்றாம் மாதம் அத்தை தேங்காய் பழத்தட்டோடு வந்தாள். குப்பண்ணனுக்கு உரிமைப் பெண் நான்தான். அக்கா கேட்டால் தம்பி இல்லையென்று சொல்லுகிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. அதுவும் ஆறு மாதம் சோறு போட்ட அக்காவிடம். அப்பா தட்டைத் தொடவில்லை. பிறகு உள்ளே போய் என் ஆஸ்பத்திரிச் சலுகை அட்டையை எடுத்துவந்தார். ஃபேக்டரியில் சேர்ந்த எல்லோருக்கும் கொடுத்தது. இங்கிலீஷில் அச்சடித்து, மேலே வட்டமாக ஊதா முத்திரை.

"பாருங்க்கா. அஞ்சு வருசத்துக்குக் கண்ணாலம் பண்ண மாட்டேன்னு எழுதி வாங்கிப்போட்டாங்க. மீறுனா கேஸாகிப்போகுமுங்க. சீல் பாருங்க."

என் அப்பா பொய் சொல்லி அதுவரை நான் பார்த்ததில்லை. சந்தையில் மாடு விற்கப் போனால் அதன் கெட்ட சுழியை அவரே சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்புகிற ஆள். அத்தை அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமாகவும் இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தைக்கும் வந்து, "இன்னும் எத்தனெ வருசம் தம்பி?" என்று கேட்பாள். அப்பா விரல்விட்டுச் சொல்வார். மூன்று வருஷம் அப்படி ஓடிவிட்டது. இன்னும் இரண்டு பாக்கி. இரண்டு வருஷத்தில் குப்பண்ணனுக்கு வேறு இடம் அமைந்துவிடும் என்று அப்பா நம்பினார்.

பெட்ரோல் விலை ஏறிப்போச்சு, வெளிநாட்டுச் சாமான் வரவில்லை, முதலாளிகளுக்குள் சண்டை என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒரு நாள் காலையில் கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஒரு வாரம், பத்து நாளில் திறப்பார்கள் என்று வாட்ச்மேன் சொன்னதை நம்பி நாங்கள் தினமும் போய்ப் புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். மூன்றாம் நாள் எட்டுப் பேர் வந்தோம், ஏழாம் நாள் நாலு பேர். பதினொன்றாம் நாள் நானும் ரோசியும் மட்டும். ரோசி அடுத்த வாரம் வண்டிப்பெரியாருக்குத் தேயிலை கிள்ளப் போவதாகச் சொன்னாள். அக்கா அங்கே இருக்கிறாளாம். "வெரலு போயிரும்" என்றேன். "இனி யாருக்கு வேணும் இந்த வெரலு" என்று அவள் கையை விரித்துப் பார்த்துக்கொண்டாள். குழம்பு உண்மையிலேயே காரம்தான். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சாப்பிட்டோம்.

மூடிய மறுநாளே அப்பா கேட்டார், "என்ன கண்ணு, வண்டிச் சத்தமே காணம்?" நான் சட்டென்று, "மேகாத்துங்கப்பா. சத்தம் அக்கட்டால போயிருது" என்றேன். பாலக்காட்டுக் கணவாய்க்குள் நுழைந்து வருகிற ஆடி மேல்காற்று பக்கத்தில் நிற்பவரையே பேசவிடாது, பொய்க்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. அப்பா தலையாட்டினார். போன ஆடியிலும் இதே காற்றுதான், அப்போதும் அவர் எண்ணிக்கொண்டுதான் இருந்தார் என்பது படுத்த பிறகு எனக்கு உறைத்தது. ஆனாலும் அவர் நம்பிவிட்டார் என்றே வைத்துக்கொண்டேன். எனக்கு அப்படி வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பதினொன்றாம் நாள் பொழுதோடு வீட்டுக்கு வந்தால் வாசலில் அத்தையின் செருப்பு. ஆடியில் அத்தை வருவதில்லை. கட்டிலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அப்பா அடுப்படியில் குனிந்து ஊதிக்கொண்டிருந்தார்.

"வா அம்மிணி. வேலையெல்லாம் எப்படிப் போகுது?"

"போகுதுங்கத்தை."

"காத்தால இருந்து உக்காந்திருக்கறேன். ரோட்டுல ஒரு வண்டியும் போகக் காணமே. முன்னெல்லாம் காது கிழியுமே."

நான் தூக்குப்போசியைக் கழுவ எடுத்தேன். அடுப்படியிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"மேகாத்துங்க்கா. சத்தம் அக்கட்டால போயிருது."

நான் சொன்ன அதே வார்த்தைகள். ஒன்றைக்கூட மாற்றவில்லை. புகையில் கண் சிவந்து வெளியே வந்த அப்பா என்னைப் பார்த்து, தினமும் கேட்கிற குரலிலேயே கேட்டார்.

"இன்னைக்கு எத்தனெ வண்டி கண்ணு?"

அவருக்கு எல்லாம் தெரியும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே பதினொரு நாள் விடியுமுன் எழுந்து மிளகாய் அரைத்து, தூக்குப்போசியைக் கட்டிக் கொடுத்திருக்கிறார். ஓவென்று அழ வேண்டும் போல இருந்தது.

"முப்பத்தாறுங்கப்பா" என்றேன்.

"நேத்தையவிட ரெண்டு கம்மி, இல்லெ?"

"ஆமாங்கப்பா."

அத்தை கீரைக்காம்பை ஒடித்துக்கொண்டே எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு பயமாக இருந்திருக்காது.

பொழுது இறங்க இறங்கக் காற்று அடங்கியது. விளக்கைப் பொருத்தலாமா என்று நான் எழுந்தபோது தெற்கே, செக்போஸ்ட் பக்கமிருந்து, மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. எங்கள் ஃபேக்டரி வண்டிதான். எத்தனை வண்டி இருந்தாலும் அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். அப்பா கையில் கரண்டியோடு வாசலுக்கே வந்துவிட்டார். அவர் முகம் ஒரு நொடி மலர்ந்ததைப் பார்த்தேன். "கேட்டீங்களா அக்கா" என்றார். "ஓடுதுல்ல?"

சத்தம் நெருங்கியது. எங்கள் வீட்டுத் தடத்துக்கு நேரே வந்து மட்டுப்பட்டது. மூன்று வருஷத்தில் ஒரு வண்டிகூட எங்கள் தடத்துக்குள் திரும்பியதில்லை. இது திரும்பியது.

"குப்பண்ணந்தான்" என்றாள் அத்தை. "போன வெசாளக்கெழமெ வண்டி எடுத்தான். மூடிப்போட்டாங்கன்னு மிச்சத்தையெல்லாம் பாதி வெலைக்குத் தள்ளி உட்டாங்களாமா. நீ வாயத் தொறந்து சொல்லுவீன்னுதான் தம்பி காத்தால இருந்து உக்காந்திருந்தேன்." கீரைக்காம்புகளைச் சேர்த்து அள்ளி முறத்தில் போட்டாள். "ஆவணியிலெ ஒரு நல்ல நாளாப் பாத்துக்கலாம். அந்தப் புள்ளைக்கும் சோறு போட ஒரு ஆளு வேணுமல்லொ."

வண்டி வேலியின் தொண்டுவாசலில் வந்து நின்றது. அவன் எஞ்சினை நிறுத்தவில்லை. நின்ற இடத்தில் விளக்கு மங்கியது, முறுக்கினால் பளிச்சென்று எழுந்தது, விட்டால் மறுபடி மங்கியது. அந்த வெளிச்சத்தை எரியவைக்கிற காயில் நான் சுற்றியதாகவும் இருக்கலாம், ரோசி சுற்றியதாகவும் இருக்கலாம்.

அப்பா கரண்டியைப் பிடித்தபடியே அக்காவைப் பார்த்தார்.

"ஃபேக்டரி மூடலாமுங்க்கா. எழுத்து எழுத்துதானுங்களே. இன்னும் ரெண்டு வருசம் இருக்குது" என்றார்.

அத்தை முறத்தைத் தள்ளி வைத்தாள். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"நாளைக்குத் தூக்குக்கு என்ன கொழம்பு வெக்கட்டும் கண்ணு?"

"கத்திரிக்காயே வையுங்கப்பா" என்றேன். "காரம் மட்டும் கொறச்சு."

தொண்டுவாசலில் அவன் மறுபடி முறுக்கினான். வெளிச்சம் வாசலெல்லாம் அடித்து, கழுவிக் கவிழ்த்த தூக்குப்போசியின் மேல் விழுந்தது. வீடு தேடி வந்தவனை வாங்க என்று சொல்ல வேண்டும். அத்தை எங்கள் முகத்தைப் பார்த்தாள், நான் அப்பாவைப் பார்த்தேன். யாரும் சொல்லவில்லை. வண்டி எரிந்தும் மங்கியும் அங்கேயே நின்று ஓடிக்கொண்டிருந்தது.