பதினோராவது கேள்வி

எங்கள் வார்டிலிருந்து வீட்டுக்குப் போகிறவர் யாராக இருந்தாலும் கடைசியில் என் மேசைக்கு வந்துதான் ஆக வேண்டும். நான் வார்டு கிளார்க். ஊசி போடத் தெரியாது, கட்டுப் போடத் தெரியாது, ஆனால் வெள்ளைக் கோட்டு உண்டு. அதைப் பார்த்துவிட்டு எல்லோரும் ‘சிஸ்டர்’ என்பார்கள். பதினாறு வருஷமாக ஒருவரையும் நான் திருத்தியதில்லை. கேட்க நன்றாகத்தானே இருக்கிறது.

என் முக்கியமான வேலை நோயாளிகள் திருப்திப் படிவம். இருபது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். இதில் ஒரு வில்லங்கம் உண்டு. எந்தக் கேள்விக்காவது மதிப்பெண் மூன்றுக்குக் கீழே போனால், தனித் தாளில் காரணம் எழுதி, டாக்டர் நேரில் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் டிஸ்சார்ஜ் சீட்டைக் கொடுக்கலாம். யாரோ ஒரு புண்ணியவான் மேலிடத்தில் உட்கார்ந்து யோசித்த ஏற்பாடு. டாக்டரோ ஆபரேஷன் தியேட்டருக்குள் போனால் வெளியே வர மணி இரண்டாகும். மூட்டை கட்டி வைத்திருப்பவர்களை அதுவரை யார் சமாளிப்பது? அதனால் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்.

“எல்லாரும் நல்லா பாத்துக்கிட்டாங்கல்ல?”

தலை ஆடும். ஒரே மூச்சில் இருபதுக்கும் ஐந்து போடுவேன். கையெழுத்து வாங்கு, சீட்டைக் கொடு, அடுத்தவரைக் கூப்பிடு. மூன்று மாதமாக எங்கள் வார்டுதான் முதலிடம். தலைமை நர்ஸ் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என் மேசை ராசியான மேசை என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது.

அப்போதுதான் ஒரு பெயின்டர் சாரத்திலிருந்து விழுந்து, கால் எலும்பு முறிந்து வந்தார். நாலு நாள் இருந்தார். படுத்தபடியே எங்கள் சுவரைப் பார்த்து, “யாரு சிஸ்டர் இத அடிச்சது? பட்டி பாக்காமயே அடிச்சிருக்கான் பாவி” என்று தன் காலைவிடச் சுவருக்காக அதிகம் வருத்தப்பட்டார். வீட்டுக்குப் போவதற்கு முந்தின நாள்தான் மாவுக்கட்டு போட்டார்கள். மறுநாள் காலையில் அவர் மனைவி வண்டி பிடிக்கப் போயிருந்தபோது, படிவத்தை நீட்டி என் கேள்வியைக் கேட்டேன். தலை ஆடவில்லை. மனிதர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படிக்க ஆரம்பித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பின்னால் ஏழு பேர் நிற்கிறார்கள்.

பதினோராவது கேள்வியில் அவர் விரல் நின்றது. ‘வலி என்று சொன்னபோது உடனே கவனித்தார்களா?’

“இதுக்கு மட்டும் ரெண்டு போட்டுக்கலாமா சிஸ்டர்? நேத்துலேருந்து சொல்லிட்டே இருக்கேன். கட்டு ரொம்ப இறுக்குது. விரலெல்லாம் மரத்துப்போன மாதிரி இருக்கு.”

“தாராளமா போடுங்க. ஆனா டாக்டர் வர்ற வரைக்கும் உக்காரணும். ரெண்டு மணி ஆகும். வண்டிக்காரர் நிப்பாரா?”

அவர் வாசல் பக்கம் பார்த்தார். அவர் தயங்கியதே எனக்குப் போதும். அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை.

“புதுக் கட்டுன்னா அப்படித்தாங்க இருக்கும். ரெண்டு மூணு நாள்ல தானா தளர்ந்துடும்.”

யார் சொன்னது எனக்கு? எங்கே படித்தேன்? பின்னால் நின்ற ஏழு பேர்தான் என்னை அப்படிப் பேச வைத்தார்கள் என்று பிறகு எவ்வளவோ சமாதானம் சொல்லிப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை.

“நீங்க சொன்னா சரிதான் சிஸ்டர்” என்றார். நானே இருபது ஐந்தையும் போட்டேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

ஐந்தாம் நாள் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கட்டை வெட்டிப் பிரித்தபோது பெருவிரலும் அடுத்த விரலும் கறுத்திருந்தன. இரண்டையும் எடுத்துவிட்டார்கள். ஏணிப்படியில் நின்று பிழைக்கிற மனிதருக்குப் பெருவிரல் இல்லாமல் என்ன மிச்சம்? அன்று அந்தத் தாளில் ஒரே ஒரு ‘இரண்டு’ இருந்திருந்தால் டாக்டர் வந்து காலைப் பார்த்திருப்பார். அந்தப் புண்ணியவான் யோசித்து வைத்ததே இதற்காகத்தான்.

மனைவி புகார் கொடுத்தார். இஸ்திரிக் கடையில் வேலை பார்க்கிற பெண், கணீரென்ற குரல். விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். மருத்துவமனைக் கண்காணிப்பாளர் படிவத்தை மேசையில் தள்ளினார்.

“உங்க வீட்டுக்காரர் எல்லாத்துக்கும் அஞ்சு போட்டிருக்காரேம்மா. வலியப் பத்தின கேள்விக்கும் அஞ்சு.” பிறகு என் பக்கம் திரும்பினார். “அவர் கையெழுத்துதானே?”

“ஆமா சார்” என்றேன். அவர் அதைத்தான் கேட்டார், நான் அதற்குத்தான் பதில் சொன்னேன். பொய்யே இல்லாமல் பொய் சொல்லலாம் என்று அன்று தெரிந்துகொண்டேன். புகாரை முடித்துவிட்டார்கள். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் வழக்கம்போல மேசைக்கு வந்து உட்கார்ந்தேன். அது இன்னும் கேவலம்.

ஒரு மாதம் கழித்துப் புண்ணுக்குக் கட்டு மாற்ற இருவரும் வந்திருந்தார்கள். வராந்தா பெஞ்சில் அந்த அம்மா அவரை வறுத்துக்கொண்டிருந்தது என் மேசைவரை கேட்டது.

“கால் செத்துட்டு இருக்குது, இவரு அஞ்சு மார்க் போட்டுட்டு வர்றாரு! கேட்டா வாயத் தொறக்கிறதில்ல. ஊருக்கெல்லாம் நல்லவன், கட்டினவளுக்குத்தான் ஊமை!”

அவர் குனிந்த தலை நிமிரவில்லை. எழுந்து போய் அவர்கள் முன்னால் நின்றேன்.

“அவர் மேல தப்பில்லம்மா. ரெண்டு போடணும்னுதான் சொன்னாரு. அஞ்சு போட்டது நான். கட்டு தளர்ந்துடும்னு சொன்னதும் நான்தான். நான் நர்ஸே இல்ல, கிளார்க்.”

நாலு அறை விழும் என்று நினைத்தேன். விழுந்தால் தேவலை என்றும் நினைத்தேன். அந்த அம்மா என்னைப் பார்க்கக்கூட இல்லை. புருஷன் பக்கம் திரும்பினார்.

“ஒரு மாசமா உன்ன நாய் மாதிரி திட்டுறேன். இந்தம்மாதான் போட்டுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

அவர் திருடி மாட்டிக்கொண்டவர்போல விழித்தார். “சொன்னா நீ சும்மா இருப்பியா? அந்தப் பொண்ணு வேலை போயிடும். என் பொழப்புதான் போச்சு. இன்னொரு வீட்டு அடுப்பையும் எதுக்கு அணைக்கணும்?”

என் வேலைக்காக இவர் ஒரு மாதம் வசவு வாங்கியிருக்கிறார். நான் சம்பளம் வாங்கியிருக்கிறேன்.

“நீ விட்டுடுவ. நான் விட மாட்டேன்” என்று அந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். “வா, இப்ப சொன்னத அந்த ஆபீசர்கிட்ட சொல்லு.”

அந்த அம்மா என்னை இழுக்க வேண்டியிருக்கவில்லை. கண்காணிப்பாளர் அறைக்கு நானே முன்னால் நடந்தேன். பின்னால் ஊன்றுகோல்களைத் தட்டித் தட்டி, “வேணாம், விட்டுடு… பாவம், அந்தப் பொண்ண விட்டுடு” என்று கெஞ்சிக்கொண்டே அவர் வந்தார்.