சைக்கிள் கொட்டகை

பள்ளிக்கூடம் விட்டு வந்த சுபைதாவின் வெள்ளைத் தாவணியில் விரல் நீளத்துக்குக் கறுப்பாக ஒரு தீற்றல். சைக்கிள் சங்கிலி மசி. தையல் மிஷினோடு பத்து வருஷமாக மல்லுக்கட்டும் ஆசியா பீவிக்கு அது பார்த்ததுமே தெரிந்தது. மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தபடி, எங்கே உரசினாய் என்று மகளைக் கேட்டாள். காலையில் சாமி கும்பிடும் நேரத்தில் தன்னை வாத்தியார்களின் சைக்கிள் கொட்டகையில் நிற்க வைக்கிறார்கள் என்றாள் சுபைதா. இருபது நாளாக.

மகளுக்குத் திருநீறு வேண்டாமென்று ஆசியா பீவி மனுக் கொடுத்தும் இருபது நாள்தான் ஆகியிருந்தது. பிரார்த்தனை முடிந்ததும் திருநீற்றுத் தட்டு வரிசையில் வரும். பூசாதவர்கள் வகுப்புக்குப் போக முடியாது. பினாங்கில் கடை வேலையிலிருந்த அவள் கணவர் ஹனிபா, அனுசரித்துப் போகும்படி கடிதம் எழுதியிருந்தார். ஆசியா பீவி அனுசரிக்கவில்லை. தன்னிடம் சட்டை தைக்கக் கொடுக்கும் வக்கீல் குமாஸ்தா மீனாட்சிசுந்தரத்திடம் போய் நின்றாள். அவர் அரசியல் சட்டத்தைப் பிரித்து, அரசு உதவி பெறும் பள்ளியில் காப்பாளர் சம்மதமில்லாமல் எந்தப் பிள்ளையையும் வழிபாட்டில் சேர்க்கக் கூடாது என்ற பிரிவைத் தமிழில் எழுதிக் கொடுத்தார். அதை வைத்துக் கொடுத்த மனுவுக்குப் பலன் கிடைத்துவிட்டதென்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அந்தத் தாள் இன்னும் மிஷின் டிராயரில் நூல்கண்டுகளுக்கு அடியில் இருந்தது.

சிவகங்கைப் பேச்சுப் போட்டிக்கு அன்று வரிசையில் வைத்தே ஆள் எடுத்துவிட்டார்களாம். கொட்டகையிலிருந்து சுபைதா கை தூக்கியது யாருக்கும் தெரியவில்லை. மழைக்கு ஒதுங்கிய ஆடு என்று பையன்கள் பேர் வைத்திருந்தார்கள்.

"நாளைக்குப் பூசிக்கிறேம்மா. வீட்டுக்கு வரயில அழிச்சுக்கிறேன்."

ஆசியா பீவியின் கை நின்றது. தட்டு வந்த காலத்தில்கூட மகள் இப்படிச் சொன்னதில்லை.

மறுநாள் மணி அடிக்குமுன்பே மகளோடு தலைமையாசிரியர் ஞானசம்பந்தத்தின் அறையில் நின்றாள். அவர் எழுந்து நாற்காலி போடச் சொன்னார். கெட்ட மனுஷரல்ல; பிள்ளை வெயிலில் நிற்க வேண்டாமே என்றுதான் கொட்டகையைச் சொன்னாராம், பெஞ்சுகூடப் போடச் சொல்லியிருந்தாராம்.

"நீங்க கேட்டபடிதானம்மா விட்டுக் குடுத்திருக்கோம். இன்னும் என்ன செய்யச் சொல்றீக?"

"திருநீறு வேண்டாம்னுதேன் எழுதிக் குடுத்தேன் சார். வரிசை வேண்டாம்னு எழுதலையே."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அத்தனை பேர் கும்பிடுகிற இடத்தில் ஒரு பிள்ளை கையைத் தொங்கப்போட்டு நின்றால் மற்றப் பிள்ளைகள் என்ன நினைக்கும் என்று கேட்டார்.

"இவ கும்பிடலைன்னு நினைக்கும். அம்புட்டுத்தேன்."

அதற்குள் மணி அடித்துவிட்டது. அவர் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. சுபைதா அம்மாவைப் பார்த்தாள். ஆசியா பீவி அவள் கையைப் பிடித்து அழைத்துப் போகவில்லை. முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு வராந்தாத் தூணோரம் நின்றாள். சுபைதா தனியாகவே மைதானத்தைக் கடந்தாள். பத்தாம் வகுப்பு வரிசையில் இடமே இல்லாத மாதிரி இருந்தது. பிறகு நாச்சியார் என்ற பெண், முன்னால் பார்த்தபடியே, அரையடி தள்ளி நின்றாள்.

பாட்டு தொடங்கியது. இருநூறு ஜோடிக் கைகள் கூப்பியிருக்க, ஒரு ஜோடி மட்டும் பக்கவாட்டில் தொங்கியது. பாட்டு முடிந்து தட்டு புறப்பட்டது. பியூன் வீரப்பன் ஒவ்வொரு பிள்ளையிடமும் நின்று நின்று வந்தார். நாச்சியார் பூசிக்கொண்டாள். அடுத்த அடியை எடுத்து வைக்காமல் வீரப்பன், வராந்தாவுக்கு வந்து நின்றிருந்த தலைமையாசிரியரைத் திரும்பிப் பார்த்தார்.

சுபைதா தலையைக் குனியவில்லை. மண்ணெண்ணெய்க்கும் போகாத மசி அவள் தாவணியில் தோளுக்குக் கீழே லேசாகத் தெரிந்தது. தட்டு அவளுக்கு ஒரு முழம் முன்னால், காற்றில், அப்படியே நின்றது.