தொட்டுக் கும்பிட இரண்டு நொடி

கடலில் கால் வைக்கும் முன் குனிந்து நீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் என்று மாரீஸ்வரிக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சின்ன வயதில் திருச்செந்தூரில் அம்மா முப்பிடாதியம்மாள் அப்படிச் செய்தாள். பார்த்த கை தானும் செய்தது. அந்தப் பழக்கம்தான் போன ஜனவரியில் மூன்று பேருடைய உழைப்பைக் கடலில் போட்டது.

மூன்று பேர் சேர்ந்த குழுவுக்கான போட்டி அது. மாரீஸ்வரி கடலில் எழுநூற்றைம்பது மீட்டர் நீந்த வேண்டும். அண்ணன் தளவாய் இருபது கிலோமீட்டர் சைக்கிள் ஓட்ட வேண்டும். பக்கத்து வீட்டு ஹாஃபிஸா ஐந்து கிலோமீட்டர் ஓட வேண்டும். நீந்துகிறவளின் கணுக்காலில் ஒரு பட்டை கட்டியிருப்பார்கள். அது கைமாறினால்தான் அடுத்தவர் கிளம்பலாம். அரை மணி நேரத்துக்குள் பட்டை கரைக்கு வராவிட்டால் மற்ற இருவரும் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான்.

போன வருடம் ஹாரன் அடித்ததும் எழுபது பேர் மணலில் ஓடினார்கள். மாரீஸ்வரியும் ஓடினாள். பாதத்தில் தண்ணீர் பட்டதும் கை தானாகக் கீழே போயிற்று. பின்னால் வந்தவனின் முழங்கால் முதுகில் இடித்தது. முகம் மணலில் பதிந்தது. யாரோ தோளை மிதித்துப் போனார்கள். நீச்சல் கண்ணாடி எங்கேயோ போயிற்று. மூக்கில் ஏறிய உப்புத் தண்ணீரோடு கொஞ்ச தூரம் தட்டுத்தடுமாறிப் போனவள், மூச்சு பிடிபடாமல் கையைத் தூக்கிவிட்டாள். கை தூக்கினால் படகில் ஏற்றிக் கொண்டுவந்துவிடுவார்கள். கொண்டுவந்தார்கள்.

கரையில் தளவாய் ஹெல்மெட் மாட்டியபடி நின்றிருந்தான். ஹாஃபிஸா குனிந்து, கட்டிய ஷூ லேசை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். இருவரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றே மறந்திருக்கும்.

இந்த வருடமும் போட்டிக்குப் பெயர் கொடுத்தார்கள். ஹாஃபிஸாவுக்கு அடுத்த மாதம் கல்யாணம். சான்பாடா என்ற ஊருக்குப் போகிறாள். மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள்தான். ஆனாலும் விடியற்காலையில் ஷூ மாட்டிக்கொண்டு ஓடும் மருமகளை அவர்கள் எங்கே பார்த்திருப்பார்கள்? “இதான் கடைசி மாரி” என்று ஒரே ஒரு முறை சொன்னாள்.

அதனால் மாரீஸ்வரி ஒரு முடிவோடு வந்திருந்தாள். சீக்கிரமே போய்விட வேண்டும். ஹாரனுக்கு முன்பே, கூட்டம் கூடும் முன்பே, கடலைத் தொட்டுக் கும்பிட்டுவிட வேண்டும். பிறகு ஓடும்போது குனிய வேண்டியதில்லை.

அந்த முடிவைத் தேங்காய் எண்ணெய் கெடுத்தது. உப்புத் தண்ணீர் உடம்பை எரிக்கக் கூடாது என்று அம்மா தாராவி வீட்டிலேயே கை, கழுத்து, கால் எல்லாம் எண்ணெயை வழிய வழியப் பூசி அனுப்பியிருந்தாள். கடற்கரையில் கையில் போட்டி எண் எழுதும் பெண் பேனாவை வைத்தால் மை நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு போயிற்று.

“க்யா லகாயா ஹை?” என்ன பூசியிருக்கிறாய் என்று இந்தியில் கேட்டாள் அந்தப் பெண்.

“தேல்... எண்ணெய்” என்றாள் மாரீஸ்வரி, தலையைக் குனிந்துகொண்டு.

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். தளவாய் ஓடிவந்து மணலை அள்ளி அவள் கையில் போட்டுத் தேய்த்தான்.

“அம்மா உன்னப் பொரிச்சு எடுக்கதுக்கு அனுப்புனாளா, நீந்த அனுப்புனாளாட்டி?”

“மெதுவாத் தேயிண்ணே, தோலு போகுது. மணி என்ன?”

“இன்னும் நேரங் கெடக்கு.”

“நீ பொய் சொல்லுத.”

பொய்தான். கையைக் கழுவித் துடைத்து, மறுபடி வரிசையில் நின்று எண் எழுதி வாங்குவதற்குள் போட்டிக்கு முன் தண்ணீரில் இறங்கிப் பார்க்க விடும் நேரம் முடிந்துவிட்டது. கடலுக்கு முன்னால் கயிறு கட்டிவிட்டார்கள். வடிகிற கடல் கயிற்றுக்கு அந்தப் பக்கம் முப்பது அடி தள்ளி இருந்தது. மாரீஸ்வரி கயிற்றைத் தாண்டப் பார்த்தாள். விசில் அடித்துத் திருப்பி அனுப்பினார்கள்.

“மனசுக்குள்ள கும்புட்டுக்கோ. சாமி கோவிக்காது” என்றான் தளவாய்.

“சாமி கோவிக்காதுண்ணே. என் கை கேக்கணும்லா?”

தளவாய் கையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டுக்கொண்டான். சைக்கிள் நிறுத்தியிருந்த இடத்துக்குப் போனான். போகும்போது நான்கு முறை திரும்பிப் பார்த்தான்.

முன் வரிசையில் நிற்கக் கூடாது, ஓரத்தில் நிற்க வேண்டும் என்று செம்பூர் நீச்சல் குளத்து மாஸ்டர் சொல்லியிருந்தார். அந்தக் குளத்தில் பெண்கள் வரும் நேரத்தில் டிக்கெட் பார்க்கிற வேலை மாரீஸ்வரிக்கு. அங்கேயேதான் நீந்தவும் கற்றாள். நீந்தும் வழியைக் காட்டக் கடலில் கட்டிய மிதவைகளை நீரோட்டம் வலப்புறம் இழுப்பதைப் பார்த்து அவள் இடது ஓரமாகப் போனாள். கணுக்கால் பட்டையைத் தொட்டுப் பார்த்தாள். நீச்சல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். மறுபடி பட்டையைத் தொட்டாள். கழிவறைக்குப் போகலாமா என்று நினைத்தாள்; போய்விட்டுத்தானே வந்தோம் என்று நின்றாள்.

“எத்தனை தரம் அதைத் தொடுவே? ஓடியா போயிடும்?”

பக்கத்தில் ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஒரு மாமி நின்றிருந்தார். மாட்டுங்காக்காரர், பெயர் பிரபாவதி, வங்கியில் வேலை, நீச்சலில் மட்டும் கலந்துகொள்கிறவர், அதனால் அரை மணிக் கெடு இல்லாதவர் என்பதெல்லாம் அரை நிமிடத்தில் தெரிந்துவிட்டது. மாரீஸ்வரியும் பதற்றத்தில் தன் கதையைக் கொட்டினாள். அண்ணன் மாட்டுங்காவில் சைக்கிளில் இட்லி விற்கிறவன் என்றும் சொன்னாள்.

“பாம் பாம்னு ஹாரன் அடிச்சுண்டு வருவானே, அவனா? இட்லி பஞ்சாட்டம் இருக்கும். சட்னிதான் கொஞ்சம் தண்ணி.”

“அது எங்கம்மா அரைக்கது மாமி.”

“அச்சச்சோ. அம்மாகிட்ட சொல்லிடாதே.”

மாரீஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. உடனே நின்றும் போயிற்று. “தண்ணி கால்ல பட்டா என் கை தானா குனியுது மாமி. போன வருசம் அதான் மிதி வாங்கினேன். இன்னைக்கும் குனிஞ்சிருவேன். நல்லாத் தெரியுது.”

பிரபாவதி தன் தொப்பியைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

“குனிஞ்சா குனி. கும்பிடறதுக்கு ரெண்டு நொடி ஆகுமா? நான் பின்னாடி நிக்கறேன்.”

“ஒங்களுக்கு நேரம் போயிருமே மாமி.”

“மூணு வருஷமா நான்தான் கடைசி. என் இடத்தை யாரும் தூக்கிண்டு போகமாட்டா.”

கயிற்றை அவிழ்த்தார்கள். ஹாரன் அடித்தது.

மாரீஸ்வரி ஓடினாள். ஈர மணல், நுரை, பாதத்தில் குளிர். கை கீழே போயிற்று. அவள் தடுக்கவில்லை. விரல் நுனியில் தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றியபோது, முதுகுக்குப் பின்னால் ஏதோ மோதும் சத்தமும் “சைட்! சைட்!” என்ற குரலும் கேட்டன. திரும்பிப் பார்த்தாள். பிரபாவதி இரண்டு கைகளையும் அகல விரித்து நின்றிருந்தார். ஓடிவந்த கூட்டம் கல்லில் பட்ட தண்ணீரைப் போல் அவருக்கு இருபுறமும் பிரிந்து போயிற்று. ஒருவனுடைய முழங்கை பட்டு அவருடைய நீச்சல் கண்ணாடி நெற்றிக்கு மேல் கோணிக்கொண்டிருந்தது.

“ஆச்சா? ஓடு!”

முழங்காலை உயர்த்தி ஓடினாள். தொடை வரை தண்ணீர் வந்ததும் அலையின் மேல் குதிக்காமல் அடியில் மூழ்கி அந்தப் பக்கம் எழுந்தாள். இன்னொரு அலை. இன்னொரு முழுக்கு. பிறகு தரை இல்லை.

எட்டுக் கைவீச்சுக்கு ஒரு முறை தலையை உயர்த்தி ஆரஞ்சு நிற மிதவையைப் பார்த்தாள். முதல் மிதவை வரை நன்றாகத்தான் போயிற்று. திரும்பும் இடத்தில் எல்லோரும் நெருக்கியடித்தார்கள். ஒரு கால் அவள் வாயில் உதைத்தது. மூச்சை இழுத்தபோது தண்ணீர்தான் வந்தது. அதே உப்பு, அதே எரிச்சல். தோளை மிதித்த கால் இன்னும் அங்கேயே இருப்பதுபோல் உடம்பு உதறியது. கை பாதி உயர்ந்துவிட்டது.

காவலுக்கு நின்ற சிறு படகு ஒன்று அருகே வந்தது. அதில் இருந்தவர் சாய்நாத், அந்தக் கரையின் மீனவர். அவர் அவளைத் தூக்கப் பார்க்கவில்லை. துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு இந்தியில் அமைதியாகச் சொன்னார்: “கையை முழுசாத் தூக்காதே மகளே. படகைப் பிடிச்சுக்கோ. பிடிச்சா தப்பில்ல, நான் இழுத்துட்டுப் போனாத்தான் தப்பு. மூச்சு வாங்கு.”

போன வருடம் இதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அவளும் யாரிடமும் கேட்கவில்லை. படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். இருமினாள். நேரம் போகிறது, நேரம் போகிறது என்று உள்ளே அடித்துக்கொண்டது. ஹாஃபிஸா ஷூ லேசை அவிழ்ப்பது கண்ணுக்குள் வந்தது. அதன் மேல், கைகளை விரித்து நின்ற மாமி வந்தார். முன்பின் தெரியாத ஒருவர் தன் நேரத்தை அவளுக்காக மணலில் விட்டுவிட்டு நின்றார். அதை இங்கே படகில் ஏற்றித் திருப்பி அனுப்புவதா?

“எத்தனை நிமிஷம் ஆச்சு?”

சாய்நாத் மணிக்கட்டைப் பார்த்தார். “பதினேழு.”

“முருகா” என்று சொல்லிப் பிடியை விட்டாள்.

பிறகு அவளுக்கு நினைவில் இருப்பதெல்லாம் கை, கை, கை, மூச்சு. விரல்கள் மணலைத் தொட்ட பிறகே எழுந்து நின்றாள். இரண்டடி வைத்ததும் விழுந்தாள். தவழ்ந்து, எழுந்து, ஓடினாள். “மாரி! ஓடியா! ஓடியாட்டி!” என்று தளவாய் கத்துவது கேட்டது. அவன் பட்டையைப் பிய்த்துத் தன் காலில் கட்டியபோது பெரிய கடிகாரத்தில் இருபத்தெட்டு நிமிடம் நாற்பது நொடி. சைக்கிளில் ஏறிப் பறந்துவிட்டான். ஹாஃபிஸா அவள் கழுத்தை ஒரு முறை கட்டிக்கொண்டுவிட்டு, தன் ஓட்டம் தொடங்கும் இடத்துக்குப் போனாள்.

மாரீஸ்வரி உட்காரவில்லை. துண்டு கொடுத்தார்கள், வாழைப்பழம் கொடுத்தார்கள். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு கரையோரம் இங்கும் அங்கும் நடந்தாள். கடலிலிருந்து ஒவ்வொரு தொப்பியாக வந்தது. மாமி வரவில்லை. நாற்பது நிமிடம் ஆயிற்று. சாய்நாத்தின் படகு மெதுவாகத் திரும்பியது. அதற்கு முன்னால் ஒரே ஒரு தலை, தண்ணீருக்கு மேலேயே இருந்தது. கண்ணாடி இல்லாமல் நீந்திவருகிறார் என்று அப்போதுதான் புரிந்தது.

பழத்தையும் துண்டையும் மணலில் போட்டுவிட்டு இடுப்பளவு தண்ணீருக்கு ஓடினாள். பிரபாவதி எழுந்து நின்றதும் பின்னால் வந்த அலை தள்ளியது. விழுவதற்குள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எலாஸ்டிக் அறுந்துடுத்துடி. நான்தானே கடைசி?”

“ஆமா மாமி.”

“பாத்தியா, சொன்னேனோல்லியோ.” சிவந்த கண்களைத் துடைத்துக்கொண்டார். “நீ பட்டையைக் குடுத்தியா?”

“குடுத்துட்டேன்.”

பிரபாவதி தலையாட்டினார். முழங்கால் தண்ணீருக்கு வந்ததும் நின்றார்.

“இருடி. போறச்சே ஒன்னைப் பாத்துண்டே நான் கும்பிட மறந்துட்டேன்.”

குனிந்து நீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மாரீஸ்வரி அவருக்குப் பின்னால் போய்க் கைகளை அகல விரித்து நின்றாள். பின்னால் ஓடிவர யாரும் இல்லை. சின்னச் சின்ன அலைகள் மட்டும் வந்து அவள் முதுகில் மோதின.

மேலே ரோட்டோரத்தில் ஹாஃபிஸா ஒரு காலை மடக்கி உட்கார்ந்து, ஷூ லேசை இரண்டு முடிச்சாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.