மாதாவுக்கு ஆள் எடுத்த வருடம்

அரவேணுவுக்கு மேலே இருக்கும் எங்கள் கோயில் பங்கில் மாதாவுக்கு வயதே ஆகாது. வருடா வருடம் பெரிய வெள்ளிக்கு, இயேசு சிலுவையில் சாகும் கதையைப் பாஸ்கா நாடகமாகப் போடுகிறோம். இயேசுவாக நடிப்பவனுக்கு நரை தட்டினால் மை பூசிச் சமாளித்துவிடுவார்கள். மாதாவாக நிற்பது மட்டும் கல்யாணமாகாத பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். யார் போட்ட சட்டமோ, யாரும் அதைக் கேட்டதில்லை.

அந்தச் சட்டத்தால் ஒரு கூத்து உண்டு. சிலுவையிலிருந்து இறக்கிய மகனைத் தாயின் மடியில் கிடத்தும் காட்சி வரும். வயசுப் பையனைத் தன் பெண்ணின் மடியில் கிடத்த எந்த அப்பன் சம்மதிப்பான்? அதனால் இயேசுவை ஒரு பெஞ்சில் வெள்ளைத் துணி விரித்துப் படுக்க வைப்பார்கள். மாதா ஒரு கை தூரம் தள்ளி நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வாள். பார்ப்பதற்கு ஆஸ்பத்திரி வராண்டா மாதிரி இருக்கும். இத்தனை வருடமும் நான் அதைப் பார்த்து முந்தானையில் மூக்கைச் சிந்தியவள்தான்.

பேசுவதும் அவள் இல்லை. சாயங்காலமானால் மைதானத்தில் மூடுபனி இறங்கிவிடும், மைக்கில் பேசினால் பாதியைக் காற்று கொண்டுபோய்விடும். ஆகவே வசனத்தை முன்பே பதிவு செய்து ஸ்பீக்கரில் ஓடவிடுவோம். மேடையில் நிற்பவர்கள் வாயசைப்பார்கள். குரல் ஒருவர், உடம்பு ஒருவர். மரியாதையெல்லாம் குரலுக்குத்தான். உடம்புக்கு அங்கி பொருந்தினால் போதும், அதுவும் உள்ளே ஸ்வெட்டர் போட்ட பிறகு.

என் மகன் நெல்சன் போன மழைக்காலத்தில் ஓசூரில் இறந்தான். அங்கே கம்பெனியில் வேலை, ரூமுக்குத் திரும்பும்போது லாரி. ஆம்புலன்ஸில் பெட்டியை ஆணி அடித்தே கொண்டுவந்தார்கள். திறக்க வேண்டாம் என்று கூட வந்தவர் சொன்னார். எங்கள் வீட்டுக்காரர் தலையாட்டினார். எங்கள் வீட்டு வாசலில் இரண்டு பெஞ்சைப் போட்டு அதன்மேல் வைத்தார்கள். நான் கிட்டே போனபோது பெண்கள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்கள். பிளைவுட்டைத் தொட்டேன், வழவழவென்று இருந்தது. அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது.

அதற்குப் பிறகு எனக்கு அழுகை வரவில்லை. வேலைக்குப் போனேன், தேயிலை பறித்தேன், சோறு ஆக்கினேன். தைரியசாலி என்று பேசிக்கொண்டார்கள். தைரியமும் இல்லை, ஒன்றும் இல்லை. உப்பு போட்டோமா இல்லையா என்று குழம்பை ருசி பார்த்தால்கூடத் தெரியவில்லை.

தவக்காலம் தொடங்கியதும், நாடகத்துக்கு ஆள் எடுப்பதாக ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அறிவித்தார்கள். எனக்கு உடனே அந்தப் பெஞ்சு ஞாபகம் வந்தது. அதை எடுத்துவிட்டு மடியில் கிடத்தச் சொல்ல வேண்டும், அந்த மடி என்னுடையதாக இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி கையைப் பிடித்துக்கொள்வார்கள்.

ஆள் எடுப்பவர் செலஸ்டின் சார். குன்னூரில் ஏலத்துக்கு வரும் டீயை ருசி பார்க்கும் வேலை அவருக்கு. மனிதர்களையும் அப்படித்தான் எடுப்பார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் கேட்பார். பிடிக்கவில்லை என்றால் துப்பிவிட்ட மாதிரி முகம் வைத்துக்கொள்வார். அவர் வாயால் நல்லா இருக்கு என்று வாங்கியவர்கள் அதைக் கல்யாணப் பத்திரிகையில் போடாத குறைதான்.

கோயில் ஹாலில் கூடினோம். இயேசுவின் உடம்புக்கு எஸ்டேட் இலை வண்டி ஓட்டும் பெனிஸ் நின்றான், அங்கி பொருந்தியது. பிலாத்து வேஷத்துக்கு இரண்டு பேர் சண்டை போட்டார்கள். பிறகு செலஸ்டின் சார், "மாதா குரலுக்கு யாருங்க?" என்றார்.

யாரும் எழுந்திருக்கவில்லை. ஹன்னா டீச்சர்தான் வழக்கமாக மாதாவின் குரல். அவள் பேசினால் கிழங்கு மூட்டை தூக்குகிறவன்கூட அழுவான். அவள் கடைசி வரிசையில் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் வருவேன் என்று எப்படியோ தெரிந்து, குரலை எனக்கே விட்டுவிட வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவள், அழுது தீர்த்துக்கொள்ளட்டும் என்று. என்மேல் இரக்கப்பட்டுப் பங்கே வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஜெசிந்தாக்கா, நீங்க பேசுங்க," என்றாள் ஹன்னா.

தாளை வாங்கினேன். "மகனே, உன்னைத் தூக்கிய கை இங்கே இருக்கிறது, நீ எங்கே இருக்கிறாய்?" என்று வாசித்தேன். ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுவது போல வந்தது. எனக்கே கேட்டது. பின்னாலிருந்து ஒரு பெண் மட்டும் மூக்கை உறிஞ்சினாள், அதுவும் முன்பே தயாராக வைத்திருந்தது.

செலஸ்டின் சார் கண்ணைத் திறந்தார். தொண்டையைச் செருமினார். "நல்லா இருக்குதுங்க," என்றார்.

"பொய் சொல்லாதீங்க சார்," என்றேன். "குரலை ஹன்னாவுக்கே குடுங்க. எனக்கு உடம்பு போதும்."

ஹாலில் ஒரு சலசலப்பு. மாதாவாக நிற்க இருந்த பாட்டுக் குழுப் பெண் ஏற்கெனவே நீல முக்காட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க ஜெசிந்தாம்மா," என்றார் செலஸ்டின் சார் தணிந்த குரலில், "மாதான்னா பாக்கறதுக்குக் கொஞ்சம் சின்னப் புள்ளையா..."

"மகனுக்கு முப்பத்திமூணு வயசுங்க சார். அம்மாளுக்கு இருவதா? எந்த ஊருக் கணக்குங்க இது?"

யாரோ சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

"இத்தன வருசமா அப்படித்தானுங்க பண்றோம்."

"அப்படித்தான் பெஞ்சும் போடறோம். கோயிலுக்குள்ள போய் சிலுவைப் பாதையில பதிமூணாம் ஸ்தலப் படத்தப் பாத்துட்டு வாங்க. அதுல பெஞ்சு இருக்குதான்னு சொல்லுங்க." என் குரல் அப்போதும் ஏறவில்லை. "பெஞ்ச எடுத்துருங்க சார். எம் மடியில போடுங்க. என்ர பையனத்தான் போட உடல."

ஹன்னா அழுதாள். எனக்கு நேரே உட்கார்ந்திருந்த பெண், அன்றைக்கு என் இடது கையைப் பிடித்திருந்தவள், தன் கைகளை எடுத்துச் சால்வைக்குள் வைத்துக்கொண்டாள். நான் தாளை நான்காக மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். சொல்லிவிட்டதால் மனசு லேசாகிவிடவில்லை. சொல்லியாயிற்று, அவ்வளவுதான்.

செலஸ்டின் சார் எழுந்து கோயிலுக்குள் போனார். நிஜமாகவே படத்தைப் பார்க்கத்தான் போனார், அவர் அப்படிப்பட்ட ஆள். திரும்பி வந்து, "ஸ்வெட்டரோட அங்கி பத்துதான்னு பாருங்க," என்றார். பாட்டுக் குழுப் பெண் முக்காட்டை என்னிடம் கொடுத்தாள். அவளுக்கு முகம் கொஞ்சம் தொங்கிவிட்டது, பாவம்.

ஹன்னாவின் குரலைப் பதிவு செய்து முடித்த பிறகு மைதானத்தில் ஒத்திகை வைத்தார்கள். மூடுபனி முழங்கால் வரைக்கும் வந்துவிட்டது. என்னை ஒரு கல்மேல் உட்கார வைத்தார்கள். சிப்பாய்களாக நடிக்கும் இரண்டு பேர் பெனிஸைச் சிலுவையிலிருந்து இறக்கித் தூக்கி வந்து என் மடியில் கிடத்தினார்கள். ஸ்பீக்கரில் ஹன்னா பேச ஆரம்பித்தாள்.

மடியில் ஒன்றுமே இல்லை. எனக்கு வலிக்கக் கூடாது என்று பெனிஸ் மறைவில் ஒரு முழங்கையைத் தரையில் ஊன்றி, பாரத்தையெல்லாம் அதிலேயே தாங்கிக்கொண்டிருந்தான். மரியாதை தெரிந்த பையன். எனக்கு ஆத்திரம் வந்தது.

"கையை எடுப்பா," என்றேன்.

"உங்களுக்குக் கனக்குமுங்கக்கா."

"கனக்கட்டும். முழுசாப் போடு."

அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு கையை எடுத்தான். மொத்தப் பாரமும் இறங்கியது. கல்லின் விளிம்பு என் தொடையை அறுத்தது. இவ்வளவு கனமா என்று நினைத்தேன். ஓசூருக்கு வேலைக்குப் போன பிள்ளை இவ்வளவு கனமாகத்தானே இருந்திருப்பான். எனக்கு ஞாபகத்தில் இருந்தது எட்டு மாதக் குழந்தையாக அவனை இடுப்பில் தூக்கிய கனம்தான். என் கை தானாகப் போய் அவன் தலைக்கடியில் நின்றது. தலையில் தேங்காய் எண்ணெய் வாசனை, டீத்தூள் வாசனை.

"வாயசைங்க ஜெசிந்தாம்மா," என்றார் செலஸ்டின் சார் மைதானத்தின் அந்தப் பக்கத்திலிருந்து. ஹன்னாவின் குரல் மகனே மகனே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. நான் வாயசைக்கவில்லை. இன்னொரு கையைப் பெனிஸின் நெஞ்சில் வைத்திருந்தேன். ஸ்வெட்டருக்கு அடியில் அது மேலே வந்தது, கீழே போனது. மறுபடி மேலே வந்தது.

செலஸ்டின் சாரின் கண்ணுக்கு எதுவும் தப்பாது. "பெனிஸ், நெஞ்சு ஆடுது பாரு. செத்த ஆளுப்பா நீ. மூச்ச அடக்கு," என்று கத்தினார்.

பெனிஸ் மூச்சை அடக்கினான். என் கைக்குக் கீழே நெஞ்சு அப்படியே நின்றுவிட்டது.

"வேண்டா," என்றேன். அவனுக்குக் கேட்கவில்லை. "வேண்டாஞ் சாமி, உடு, மூச்சு உடு," என்று கத்தினேன். ஸ்பீக்கரையும் தாண்டி அது மைதானம் முழுக்கக் கேட்டது என்று பிறகு சொன்னார்கள். அவன் பயந்துபோய்ப் பெரிதாக ஒரு மூச்சு விட்டான். நெஞ்சு மறுபடி என் கையைத் தூக்கியது.

என் முகம் நனைந்திருந்தது, முக்காட்டைச் சரிசெய்யக் கை போனபோதுதான் தெரிந்தது. பனி என்று முதலில் நினைத்தேன்.

"மூச்சு உடறது சனங்களுக்குத் தெரியுங்களே," என்றார் செலஸ்டின் சார். கிட்டே வந்திருந்தார்.

"தெரியட்டுங்க சார்," என்றேன். "அவன் மூச்சு உடட்டும்."

அவர் ஸ்பீக்கரை நிறுத்தச் சொன்னார். சிப்பாய்கள் இரண்டு பேரும் தூக்க வந்து, தூக்காமல் நின்றார்கள். பெனிஸும் எழுந்திருக்கவில்லை.